அப்போலோ கலத்தின் வெப்பக் கவசம்
நிலவிலிருந்து திரும்பும் கலம் நொடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்துக்குள் பாயும். கவசத்தின் முகப்பு ஏறத்தாழ 2,700 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறும். அதைத் தாங்கி நிற்பதல்ல கவசத்தின் உத்தி. தானே கருகி உதிர்ந்து, வெப்பத்தையும் கூடவே கொண்டுபோய்விடும்.

கவசத்தின் தேனடை போன்ற கண்ணாடியிழைச் சட்டத்தில் 3,70,000-க்கும் மேற்பட்ட அறைகள். மாசச்சூசெட்ஸில் ஆவ்கோ நிறுவனத் தொழிலாளர்கள் ஒவ்வோர் அறையிலும் 'ஆவ்கோட்' எபாக்சிப் பிசினைக் கையில் பிடித்த பீச்சுகருவியால் நிரப்பினார்கள். கணினி யுகம் என்கிறோம். இது முழுக்கக் கைவேலை! பிறகு எக்ஸ்-ரே சோதனை. குறை தென்பட்ட அறையைத் துளைத்தெடுத்து மறுபடி நிரப்ப வேண்டும்.

2014-இல் பறந்த நாசாவின் ஓரையன் சோதனைக் கலத்துக்கும் இதே முறைதான். அதன் பிறகே, வார்த்த கட்டிகளை ஒட்டும் முறைக்கு நாசா மாறியது.