தரைக்கேற்ற சக்கரம்

சக்கரம் பழைய பொறி. அதனாலேயே அதைப்பற்றி எண்ணுவதற்கு இனி ஒன்றும் இல்லை என்று பலர் கருதுகின்றனர். ஆனால் ஒரு கனமான பெட்டியை ஆய்வுக்கூடத்தின் ஒரு கோடியிலிருந்து அடுத்த கட்டடத்திற்குத் தள்ளிச் சென்றவர்கள் அவ்வாறு கருதமாட்டார்கள். வழவழப்பான தரையில் ஒரு விரலால் நகர்ந்த வண்டி, முற்றத்துக் கல்பாவிய வழியில் இரண்டு ஆட்கள் தள்ளியும் நகர மறுக்கும். வண்டியும் அதுவே, பளுவும் அதுவே. மாறியது தரை ஒன்றுதான்.

ஜனக்புரிக்கு மாலை வேளையில் வருவோர் இந்த உண்மையை ஒரே பார்வையில் காணலாம். மேலே, தூண்கள் தாங்கும் பாதையில், மெட்ரோ ரயிலின் நீலத் தடத்து வண்டிகள் எஃகுச் சக்கரங்களில் விரைகின்றன. கீழே, தெருவில், காய்கறி விற்பவர் தம் ரெஹ்ரியைத் தள்ளிச் செல்கிறார். நம் ஊரில் தள்ளுவண்டி என்பதே இங்கு ரெஹ்ரி. அதில் சைக்கிள் சக்கரம் போன்று நான்கு பெரிய சக்கரங்கள், டயர் மாட்டியவை. மேலே எஃகு, கீழே ரப்பர். இரண்டும் தத்தம் இடத்தில் சரியே. ஏன்?

உருள்வதைத் தடுப்பது எது?

சக்கரம் உருளும்போது, தரையைத் தொடும் இடத்தில் சக்கரமோ தரையோ சிறிது நசுங்குகிறது. தொடர்பு விட்டதும் மீள்கிறது. மீளும்போது, நசுக்கச் செலவிட்ட ஆற்றல் முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. ஒரு பங்கு வெப்பமாகிவிடுகிறது. அந்த இழப்பை ஈடுசெய்யவே நாம் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது. இதுவே உருள் உராய்வு.

எஃகு எஃகின்மேல் உருளும்போது நசுங்குவது மிகக் குறைவு. சமதளத் தண்டவாளத்தில் 1,000 கிலோ பளுவை ஓடவைத்திருக்க ஏறத்தாழ 1 முதல் 2 கிலோ எடையளவு விசை போதும். நல்ல தார்ச்சாலையில் மோட்டார்க் காரின் காற்று டயருக்கு அதே பளுவிற்கு 10 முதல் 15 கிலோ வேண்டும். தளர்ந்த மணலிலோ 200 கிலோவிற்கு மேலும் ஆகலாம்.

ஆகவே, காற்றடைத்த சக்கரம் எங்கும் எளிதாக உருளும் என்பது தவறான எண்ணம். கடினமான வழவழப்புத் தரையில் கடினமான சக்கரமே எளிதில் உருளும். பிறகு காற்று எதற்கு?

காற்றை அடைத்தவர்கள்

ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1845-ஆம் ஆண்டில் காற்றடைத்த சக்கரத்திற்கு உரிமை பெற்றார். அப்போது அவருக்கு வயது 23. நம்மில் பலருடைய வயதுதான். குதிரை வண்டிகளில் அதை ஓட்டியும் காட்டினார். ஆனால் அதை விரும்பி ஏற்க, அன்று சைக்கிளும் இல்லை, மோட்டாரும் இல்லை. உலகம் அதை மறந்தது. 1887-இல், பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கரச் சைக்கிளுக்காக அதை மீண்டும் கண்டார். பழைய சக்கரத்தையும் காற்றுச் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிப் பார்த்தார். காற்றுச் சக்கரமே அதிகத் தொலைவு ஓடியது. முற்றம் கரடுமுரடானது என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

டன்லப்பின் பெயர் நம் நாட்டு மாட்டுவண்டியிலும் ஏறியது. காற்று டயர் பூட்டிய வண்டியை வடநாட்டுச் சிற்றூர்களில் டன்லப் என்றே சொல்வர். நம் ஊரில் அது டயர் வண்டி. மண் பாதையில் இரும்புப் பட்டை புதைந்து தடம் வெட்டும். டயர் அவ்வாறு வெட்டாது. அந்த வேறுபாட்டை முதலில் உணர்ந்தது மாட்டின் கழுத்தாகத்தான் இருக்கவேண்டும்.

காற்று செய்யும் வேலை

இதற்குரிய கணக்கு எளியது. ஒரு சக்கரத்தின்மேல் 50 கிலோ இருக்கிறது. டயருக்குள் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ அழுத்தம் என்று கொள்வோம். அப்பளுவைத் தாங்க டயர் ஏறத்தாழ 25 சதுர சென்டிமீட்டர் அளவிற்குத் தரையில் படிந்து கொள்ளும். அழுத்தத்தைப் பாதியாக்கினால் படியும் பரப்பு இரு மடங்காகும். மண்ணிலும் சேற்றிலும் இது நன்மை, ஏனெனில் சக்கரம் புதையாது. தார்ச்சாலையில் இதுவே தீமை. டயர் அதிகமாக நசுங்கும், தள்ளுவோர் அதிகமாக வியர்ப்பர்.

அடுத்தது தடை. தரையில் 2 சென்டிமீட்டர் உயரமுள்ள வாசற்படி குறுக்கிடுகிறது. ஒரு கடினச் சக்கரத்தின்மேல் 100 கிலோ உள்ளது. வேகம் கூட்டாமல், அச்சின் உயரத்தில் நேராகத் தள்ளி அதை ஏற்றவேண்டுமானால், சக்கரத்தின் விட்டம் 10 சென்டிமீட்டராயின் 133 கிலோ விசை வேண்டும். 20 சென்டிமீட்டராயின் 75. 40 சென்டிமீட்டராயின் 48. வடிவியல் கணக்கால் எவரும் இதைச் சரிபார்க்கலாம். ரெஹ்ரியின் சக்கரம் ஏன் அவ்வளவு பெரிது என்பதற்கு இதுவே விடை. காற்றுச் சக்கரமோ இன்னும் ஒரு நன்மை செய்கிறது. படியின் விளிம்பு டயருக்குள் சிறிது அமிழ்வதால் ஏறவேண்டிய உயரமே குறைகிறது, அதிர்ச்சியும் குறைகிறது. வண்டியில் இருப்பது தக்காளியாயினும் கண்ணாடிக் கருவியாயினும் இது பெரிய உதவி.

வாங்குமுன் கேட்கவேண்டியவை

ரெஹ்ரியின் சக்கரங்கள் திரும்புவதில்லை. வண்டியைத் திருப்பவேண்டுமானால் ஒரு பக்கத்தைத் தூக்கியோ இழுத்தோதான் திருப்பவேண்டும். நம் ஆய்வுக்கூட வண்டிகளிலும் கருவிகளிலும் இருப்பவை, காஸ்டர் என்று கடைகளில் வழங்கும் சுழல்சக்கரங்கள். சுழலும் முளைக்குச் சற்றுப் பின்தள்ளி அச்சு அமைந்திருப்பதால், தாயின் பின் கன்று போல, தள்ளும் திசையிலேயே சக்கரம் திரும்பிக் கொள்கிறது. இவற்றில் காற்றடைத்தவையும் உண்டு. வாங்குவோர் நான்கு கேள்விகள் கேட்கவேண்டும்.

முதலாவது, வழி எது? அறைக்குள் மட்டும் நகரும் கருவிக்குக் காற்றுச் சக்கரம் வேண்டாம். முற்றம், சரளை, உடைந்த நடைபாதை ஆகியவற்றைக் கடக்கும் வண்டிக்கே அது வேண்டும். மாதக்கணக்கில் ஓரிடத்தில் நிற்கும் கருவிக்கும் அது ஆகாது. காற்று இறங்கும், கருவி சாயும்.

இரண்டாவது, பளு எவ்வளவு? 300 கிலோவை நான்கால் வகுத்துச் சக்கரத்திற்கு 75 கிலோ என்று முடிவு கட்டக் கூடாது. மேடுபள்ளமான தரையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்க, மற்ற மூன்றே பளுவைச் சுமக்கும் நேரமுண்டு. ஆகையால் மூன்றால் வகுத்து, 100 கிலோவிற்குக் குறையாமல் தாங்கும் சக்கரமாக வாங்கவேண்டும்.

மூன்றாவது, எத்தனை சக்கரம் சுழலவேண்டும்? நான்கும் சுழன்றால் நெருக்கமான அறையில் எப்பக்கமும் நகர்த்தலாம். ஆனால் சரிவில் வண்டி தன் போக்கில் ஒதுங்கும். நெடுந்தொலைவு செல்ல இரண்டு நிலையாகவும் இரண்டு சுழல்வனவாகவும் இருப்பதே நன்று. சரிவு உண்டெனில் பிரேக்கும் வேண்டும்.

நான்காவது, காற்றை யார் பார்ப்பார்? டெல்லியின் தட்பவெப்பம் இதில் தலையிடும். மே மாதத்தில் 45 டிகிரி வெயிலில் 2 கிலோ அழுத்தம் அடைத்த டயர், சிறிதும் கசியாமல் இருந்தாலும், ஜனவரியில் 5 டிகிரிக் குளிரில் ஏறத்தாழ 1.6 கிலோதான் காட்டும். கசிவும் சேர்ந்தால் கேட்கவேண்டியதில்லை. பம்பும் அளவியும் வைத்திருந்து மாதம் ஒருமுறை பார்க்க ஆள் இல்லையெனில், காற்றுக்குப் பதிலாக நுரைப்பொருள் நிரப்பிய டயரை வாங்கலாம். அது பங்க்சர் ஆகாது. ஆனால் காற்றளவு மென்மையாக இராது.

யார் தள்ளுகிறார்?

இவையெல்லாம் பள்ளி இறுதி வகுப்பு இயற்பியலைக் கொண்டே செய்யக்கூடிய கணக்குகள். இருந்தும் எத்தனையோ இடங்களில் பளுவான வண்டிகள் பொருந்தாத சிறு சக்கரங்களில் திணறுகின்றன. காரணம் அறியாமை அன்று. சக்கரத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர். வண்டியைத் தள்ளுபவர் வேறொருவர். விலைப் பட்டியலில் சிறிய சக்கரம் மலிவாகத் தெரிகிறது. மீதித் தொகையைத் தள்ளுபவரின் இடுப்பும் தோளும் நாள்தோறும் செலுத்துகின்றன. அது எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. ரெஹ்ரிக்காரரின் நிலை வேறு. வாங்குபவரும் அவரே, தள்ளுபவரும் அவரே. அதனால்தான் ஏட்டைப் புரட்டாமலே அவர் பெரிய சக்கரத்தைத் தேர்ந்துகொண்டார்.

நாளை நம்மில் பலர் ஆய்வுக்கூடங்களுக்கும் ஆலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பொருள் வாங்கும் தாளில் கையொப்பமிடப் போகிறவர்கள். அன்று கையொப்பமிடுமுன், பளு ஏற்றிய வண்டியை, அது செல்லவேண்டிய வழி முழுவதும், ஒருமுறை நாமே தள்ளிப் பார்ப்போமாக.