புகழ் மண்டபத்தில் யாருக்கு நாற்காலி?

மாதவரம் என்றதும் பால் பண்ணையை நினைத்துக்கொள்பவர்களே அதிகம். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அந்தப் பக்கம் போய் வந்தவர்களுக்கோ கால் பந்துதான் நினைவுக்கு வரும். மாதவரத்தில் தொடங்கி வியாசர்பாடி, இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று துறைமுகத்தையும் ரயில்வேயையும் ஆலைகளையும் நம்பி வாழும் இந்த வட சென்னையில், கையகல மண் தரை காலியாய்க் கிடந்தால் போதும். பிள்ளைகள் இரண்டு பக்கமும் இரண்டு ஜோடிச் செருப்பை வைத்து, அதையே கோல் கம்பமாக்கிவிடுவார்கள்.

அப்படிப்பட்ட ஒரு மைதானத்தின் ஓரத்தில், வேப்ப மரத்தடியில், மூன்று பெரியவர்களுக்குள் நடந்த ஒரு வாதத்தைக் கேட்கும் பாக்கியம் சமீபத்தில் நமக்குக் கிட்டியது. ஒருவர் துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்து, அதன் அணியில் ஆடியவர். மற்றொருவர் ரயில்வேக்காரர். மூன்றாமவர் ஒரு பாங்கியின் அணியில் ஆடி, அங்கேயே பென்ஷன் பெற்றவர். மூவரும் எழுபதைத் தாண்டியவர்கள். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற கால் பந்து வீரர்களுக்கு மேல் நாடுகளில் இருப்பதைப் போல் நம் ஊரிலும் ஒரு புகழ் மண்டபம் ஏற்படுமானால், அதில் முதல் நாற்காலி யாருக்கு என்பதே வாதம். மண்டபம் எங்கே, அதற்குப் பணம் எங்கே என்பன போன்ற அற்ப விஷயங்களைப் பற்றி அவர்கள் சிறிதும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பீட்டர் தங்கராஜ்தான்!" என்று ரயில்வேக்காரர் தீர்ப்பளித்தார்.

அவர் கட்சிக்குப் பலம் உண்டு. நீலகிரி வெல்லிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றபோது, அதன் கோலைக் காத்தவர் தங்கராஜ். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்றவர். 1958-ல் ஆசியாவின் தலைசிறந்த கோல் கீப்பர் என்று புகழப்பட்டவர். 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதிப் போட்டியில் தென் கொரியாவை 2-1 என்று இந்தியா வென்று தங்கப் பதக்கம் பெற்ற நாளிலும், கோலில் நின்றவர் அவரே. 1967-ல் அர்ஜுனா விருதும் வந்தது.

பாங்கிக்காரர் சிரித்தார். "அண்ணே, தடுத்தவருக்கு முன்னால் அடித்தவரைச் சொல்லுங்கள். சாரங்கபாணி ராமனை மறந்துவிட்டீர்களே!"

1948-ஆம் ஆண்டு ஜூலை 31. சுதந்திரம் பெற்று ஒரு வருஷம்கூட நிறையாத தேசத்தின் அணி, லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸை எதிர்த்து நின்றது. நம்மவர்களில் பெரும்பாலோர் காலில் பூட்ஸ் இல்லை. ஒரு கோல் பின்தங்கியிருந்த நிலையில், 70-ஆவது நிமிஷத்தில் பந்தை வலைக்குள் செலுத்திச் சமன் செய்தவர் ராமன். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. கடைசி நிமிஷங்களில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு 2-1 என்று ஜயித்தது. ஆனாலும் சுதந்திர இந்தியா ஒலிம்பிக்கில் போட்ட முதல் கோல் ராமனுடையது. அதை எந்தத் தோல்வியும் அழித்துவிட முடியாது.

இதுவரை வாயைத் திறவாதிருந்த துறைமுகக்காரர் இப்போது மெதுவாய்க் கேட்டார்: "இரண்டு பேருமே பெரியவர்கள்தான், தம்பி. நான் கும்பிடுகிறேன். ஆனால் ராமன் பெங்களூரில் ஆடிப் பேர் வாங்கியவர். தங்கராஜ் பிறந்தது ஹைதராபாத். பட்டாளத்துக்குப் பிறகு புகழ் பெற்றது கல்கத்தாவில். ரோமுக்குப் போன சைமன் சுந்தரராஜ், பயிற்சி கொடுத்துச் சந்தோஷ் கோப்பை வாங்கித் தந்தது கேரளத்துக்கு. நம் தஞ்சாவூர்ப் பிள்ளை குலோத்துங்கன், 2003-ல் ஆசியான் கோப்பை ஜயித்தது ஈஸ்ட் பெங்கால் சட்டையில். எல்லோரும் வெளியே போய் ஜயித்தவர்கள். இங்கேயே இருந்தவனுக்கு நாற்காலி உண்டா, இல்லையா?"

நேயர்கள் இந்தக் கேள்வியைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. 1996-ல் தேசியக் கால் பந்து லீக் பிறப்பதற்கு முன்னால், நம் ஊர் ஆட்டக்காரனுக்குக் கால் பந்து தந்த பெரிய சன்மானம் ஓர் உத்தியோகமே. ரயில்வே, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, துறைமுகம், சுங்க இலாகா, பாங்கிகள் ஆகியவை ஆட்டம் தெரிந்த பையன்களுக்கு வேலை கொடுத்துத் தத்தம் அணியில் சேர்த்துக்கொண்டன. கல்கத்தாவுக்குப் போனால் பத்திரிகையில் படம் வரும். இங்கேயே இருந்தால் மாதம் முதல் தேதி சம்பளம் வரும். வீட்டில் அடுப்பு எரிய வேண்டியவன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று சொல்லத் தேவையில்லை.

துறைமுகக்காரர் தம்மோடு ஆடிய ஒருவரைப் பற்றிச் சொன்னார். இடது பக்கத்தில் பின்வரிசை ஆட்டக்காரர். கல்கத்தாவிலிருந்து அழைப்பு வந்தபோது, வீட்டில் கல்யாணத்துக்கு நின்ற தங்கைகள் நால்வர். "போய்த் திரும்பி வந்தால் இந்த வேலை இருக்குமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். இருக்காது என்று தெரிந்ததும், அந்தக் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். பிறகு முப்பது வருஷம், வேலை முடிந்த சாயங்காலங்களில் தெருப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் ஆட்டம் சொல்லிக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானார். எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி வரவில்லை.

"யாரைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார் ரயில்வேக்காரர். பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறிற்று. தம்மையறியாமல் வலது முழங்காலைத் தடவிக்கொண்டார். "அடடா, அவரா! பத்து சீஸன் அவருக்கு எதிராக ஆடினேன், ஐயா. ஒரு தடவைகூட அவரைச் சுத்தமாகத் தாண்டிப் போனதில்லை. ஒரு தடவைகூட அவர் என்னை வேண்டுமென்று உதைத்ததுமில்லை."

வாதம் அத்துடன் முடிந்திருக்கும். மகளைப் பயிற்சிக்கு அழைத்து வந்திருந்த ஒரு தாயார் அருகிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "பெரியவங்க கோபிச்சுக்கக் கூடாது. இவ்வளவு நேரம் பேசினீங்களே, ஒரு பொண்ணு பேர்கூட வரலையே?" என்றார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 1941-ல் தொடங்கிய சந்தோஷ் கோப்பையைத் தமிழ்நாட்டு ஆண்கள் 2024 வரை ஒரு முறையும் வென்றதில்லை. தமிழ்நாட்டுப் பெண்களோ தேசியப் பட்டத்தை 2018-ல் மணிப்பூரையும் 2023-ல் ஹரியானாவையும் வென்று இரு முறை கொண்டுவந்துவிட்டார்கள். இன்று ஆடுகிற இந்தப் பெண்கள் நாளை ஓய்வு பெறும்போது அவர்களுக்கும் நாற்காலி வேண்டாமா?

பிற நாட்டார் இந்தச் சிக்கலை எப்படித் தீர்க்கிறார்கள்? அமெரிக்காவில் கூப்பர்ஸ்டவுன் என்னும் ஊரிலுள்ள பேஸ்பால் மண்டபத்தில், பத்து வருஷம் ஆடி, ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆனவர்களைப் பற்றிப் பத்திரிகைக்காரர்கள் வாக்களிக்கிறார்கள். நூற்றுக்கு 75 வாக்கு வேண்டும். ஆசியக் கால் பந்துக் கூட்டமைப்பு 2014-ல் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தது. அதில் இந்தியர் ஒருவரே, பாய்ச்சுங் பூட்டியா. இங்கிலாந்தில் 2002-ல் மண்டபம் தொடங்கியபோது முதல் பட்டியலில் இருந்த ஒரே பெண் லில்லி பார். பிரஸ்டன் நகரத்துத் தொழிற்சாலைப் பெண்கள் அணியில் ஆடியவர். 1921-ல் அந்நாட்டுக் கால் பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாதென்று தடுத்தது. தடை ஏறக்குறைய ஐம்பது ஆண்டு நீடித்தது. அவர் 1978-லேயே இறந்துபோனார். மரியாதை 24 ஆண்டு தாமதித்து வந்தது.

இந்த விதிகளிலெல்லாம் நல்ல அம்சங்கள் உண்டு. ஆனால் அவை ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்ட கணக்குகளை நம்பியவை. நம் ஊர் லீக் ஆட்டங்களில் எத்தனைக்குக் கணக்கு இருக்கிறது? கோல் போட்டவன் பெயராவது ஓர் ஓரத்தில் அச்சாகும். கோல் விழாமல் காத்தவன் பெயரை யார் அச்சிட்டார்கள்?

ஆகவே நம் அபிப்பிராயம் இது. தங்கராஜுக்கும் ராமனுக்கும் நாற்காலி கொடுக்க எந்தக் கமிட்டியும் தயங்காது. பதக்கமும் பதிவும் அவர்களுக்காகப் பேசும். ஊர் மண்டபத்தின் வேலை அதோடு முடியக் கூடாது. இங்கேயே இருந்து, ஆடி, கற்றுக் கொடுத்து மறைந்தவர்களுக்கு என்று ஒரு வரிசை வேண்டும். அந்த வரிசைக்கு விதி ஒன்றே போதும்: எதிரணியில் ஆடிய இருவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். சொந்த அணிக்காரன் நட்பினால் புகழ்வான். உறவினன் பாசத்தினால் புகழ்வான். பத்து வருஷம் தாண்ட முடியாமல் தவித்தவன் சொல்லும் வார்த்தையில் பொய் இருக்காது.

ஆனால் அந்தச் சாட்சிகளுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது. மண்டபத்துக்குச் செங்கல் வாங்குவதற்கு முன் நாம் வாங்க வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். வீட்டில் பழைய ஆட்டக்காரர் ஒருவர் இருந்தால், "தாத்தா, உங்களைத் திணற அடித்தவர் யார்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தம் பெருமையைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள்கூட, இந்தக் கேள்விக்கு மணிக்கணக்கில் பதில் சொல்வார்கள்.

நாம் புறப்படும் சமயம், பந்து ஒன்று மரத்தடிக்கு உருண்டு வந்தது. துறைமுகக்காரர் உட்கார்ந்தபடியே இடது காலை நீட்டி அதை நிறுத்தி, ஓடி வந்த பையனின் காலடிக்கே திருப்பி அனுப்பினார்.

"தாத்தா, நீங்க ஆடியிருக்கீங்களா?" என்று கேட்டான் பையன்.

"கொஞ்சம்" என்றார் அவர்.