பாட்டா படத்துக்கு எந்த மை, எந்தத் தாள்?

1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடும் கல்குளமும் தமிழகத்தோடு சேர்ந்தன. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. கல்யாண உறவுகள் அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை. அதனால் பாறசாலையில் ஒரு வீட்டில் தொங்கும் பாட்டாவின் கறுப்பு வெள்ளைப் படத்தை, களியக்காவிளைக்கு அப்பால் உள்ளவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் கேட்கிறார்கள். ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் அச்சாகக் கொடுக்கிறோம். மூலப்படம் வெள்ளித் துகள்களால் ஆனது. சரியாகக் கழுவியிருந்தால் நூறாண்டு தாங்கும். நகலோ சில வருடங்களில் பச்சையோ சிவப்போ அடித்துவிடுகிறது.

காரணம் மைதான். மலிவான பிரிண்டர் மை பெரும்பாலும் சாயம்; வெளிச்சம் அதைச் சிதைக்கும், ஈரத்தில் கசியும். நிறமி மை என்பது நுண்துகள். அதன் கறுப்பு, கரி. ஓலைச்சுவடியில் எழுத்தாணி கீறிய இடத்தில் நம் முன்னோர் தேய்த்ததும் விளக்குக் கரிதானே! கரி வெளிச்சத்தில் மங்காது.

ஆனால் நிறமி மை என்று கேட்டால் மட்டும் போதாது. பல பிரிண்டர்கள் சாம்பல் நிறத்தை நீலம், சிவப்பு, மஞ்சள் கலந்து உண்டாக்குகின்றன. மூன்றும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. முகத்தில் நிறம் ஏறுவது இதனால்தான். கறுப்போடு சாம்பல் மைகளும் தனியாக உள்ள பிரிண்டரில், கறுப்பு வெள்ளைக்கான அமைப்பில் அடிக்கச் சொல்லுங்கள். எப்சன் 2005-இல் கொண்டுவந்த கே3 மையில் மூன்று அளவுக் கறுப்பு உண்டு.

தாள், அமிலமற்ற பருத்தித் தாளாக இருக்கட்டும். சாதாரண மரக்கூழ்த் தாளில் உள்ள லிக்னின் பழுப்பேறும். கண்ணைப் பறிக்கும் வெள்ளைத் தாளை நான் நம்புவதில்லை. அந்தப் பளபளப்பு வெண்மையூட்டும் ரசாயனத்தால் வருவது, அது தேய்ந்ததும் தாள் மஞ்சளாகும். பருத்தித் தாள் விலை கூடுதல்தான். குடும்பத்துக்கு ஒரு பிரதி அதில் எடுத்து, மற்றவர்களுக்குச் சாதாரணத் தாளில் கொடுக்கலாம்.

இடவப்பாதியும் துலா மழையும் பெய்யும் ஊர் எங்களுடையது. அச்சு ஒரு நாளாவது உலர்ந்த பிறகே சட்டம் போடுங்கள். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே தக்கைத் துண்டு வையுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், பாலியெஸ்டர் உறை நல்லது.

பின்புறம், ஓரமாக, படத்தில் இருப்பவர்களின் பெயரை மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் தெரியும். எங்கள் பேரப்பிள்ளைகள் பலர் பள்ளியில் மலையாளமே படிக்கிறார்கள். ஆகவே தமிழிலும் மலையாளத்திலும் எழுதிவிடுங்கள்.