ஒப்பித்தல் வேறு, படித்தல் வேறு

அகரத்தில் தொடங்கி னகரம் வரை ஒரே மூச்சில் ஒப்பிக்கும் குழந்தையைக் கண்டு மகிழாத பெற்றோர் இல்லை. விருந்தினர் வந்தால் குழந்தையை அழைத்து நிறுத்தி ஒப்பிக்கச் செய்வதும் நம் வீடுகளில் வழக்கமே. அதே குழந்தையின் முன் ஒரு நாளிதழை விரித்து, நடுவிலிருக்கும் ஓர் எழுத்தைச் சுட்டி, 'இஃது என்ன?' என்று கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் மீண்டும் அகரத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அவ்வெழுத்தை எட்டிப் பிடிப்பார்கள். சில குழந்தைகள் எட்டாமலே நின்றுவிடுவார்கள். வரிசை மனப்பாடமாகிவிட்டது, எழுத்து இன்னும் பதியவில்லை. ஒப்பித்தல் நாவின் பயிற்சி. கண் கண்ட வடிவத்தைச் செவி அறிந்த ஒலியோடும், அவ்வொலியை மனம் அறிந்த பொருளோடும் இணைப்பது படித்தல். இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதால், முதல் இரண்டு வகுப்புகளின் அரிய காலம் நம் குழந்தைகளுக்கு வீணாகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் வாழும் குழந்தைக்கு இம்மயக்கத்தால் நேரும் இழப்பைக் கடைத்தெருவின் பெயர்ப்பலகைகளும் பேருந்தின் நெற்றியும் சுவரொட்டிகளும் ஓரளவு ஈடுசெய்துவிடும். மும்பையில் அவ்வசதி இல்லை. இங்கே இரயில் நிலையப் பலகைகள் நாகரி எழுத்திலும் ஆங்கில எழுத்திலுமே பேசுகின்றன. பள்ளியும் வீடும் கற்பிக்காவிட்டால் தெரு கற்பிக்காது.

இந்நகரில் தமிழ்க் கல்வி நேற்று முளைத்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடி வந்தவர்கள் தாராவியில் குடியேறினர். மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932ஆம் ஆண்டில் தோன்றியது. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கநிலைக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய வேண்டும் என்பது, 1956ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்ந்த 350அ பிரிவின் கட்டளை. அதே வேளையில், 2020ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தால் மகாராட்டிர அரசு எல்லாப் பள்ளிகளிலும் மராத்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. வாழும் மண்ணின் மொழியைக் கற்பது நம் குழந்தைகளுக்கு நன்மையே. ஆயினும் ஆறேழு வயதுக் குழந்தை தமிழ் எழுத்து, நாகரி எழுத்து, ஆங்கில எழுத்து ஆகிய மூன்றையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் சுமக்கிறது என்பதைக் கற்பிப்போர் மறத்தல் ஆகாது.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுதப் பழக்கினர். எழுதும்போதே எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்ல வேண்டும். கண்ணும் கையும் செவியும் ஒருங்கே உழைத்தன. மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பித்தான். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார் இம்முறைகளைக் கைக்கொண்டு, 1797ஆம் ஆண்டில் அதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. மணலும் தமிழும் சேர்ந்து ஆங்கிலேயச் சிறுவர்க்கு எழுத்தறிவு தந்த இக்கதையை நாம் அதிகம் பேசுவதில்லை. ஆனால் திண்ணைப் பள்ளியின் மனப்பாட முறையை மட்டும் வைத்துக்கொண்டு மணலைக் கைவிட்டோமே, அதுதான் வியப்பு!

தமிழ் எழுத்து 247 என்று சொல்லிக் குழந்தையையும் தாயையும் அச்சுறுத்த வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. எஞ்சிய 216 உயிர்மெய்களும் இவற்றின் சேர்க்கையால் பிறப்பவை. துணைக்கால் ஏறினால் ஒலி நீளும் என்பதை இரண்டு எழுத்துகளில் உணர்ந்த குழந்தை, மூன்றாம் எழுத்தில் அதனைத் தானே ஊகித்துக்கொள்ளும். உகர, ஊகார வரிசைகள் மட்டும் அடங்காப் பிள்ளைகள். கு, சு, டு, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். அவ்விரு வரிசையின் 36 எழுத்துகளையும் தனித்தனியே, பொறுமையாகப் பழக்கவேண்டும். மற்றவற்றை அவ்வளவு அடித்துப் பதியவைக்கத் தேவையில்லை.

எங்கிருந்து தொடங்குவது? அகர வரிசை அகராதி பார்ப்பதற்கு உதவும். முதற் பாடத்திற்கு அது ஏற்ற வரிசையன்று. அகரமும் இகரமும் எழுதுவதற்குக் கடினமான சுழிகள் உடையவை. நேர்க்கோடுகளால் ஆன ட, ப, ம ஆகிய மூன்றை முதலில் காட்டுங்கள். மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைக்கக் கற்பியுங்கள். உடனே படம், மடம், பட்டம், மட்டம் என்னும் சொற்கள் குழந்தையின் கைக்கு வந்துவிடுகின்றன. ரகரத்தைச் சேர்த்தால் மரம், ரம்பம், பம்பரம். துணைக்காலைச் சேர்த்தால் மாமா, பாப்பா, பாடம், மாடம். பத்து நாளில் ஐந்து எழுத்தே கற்ற குழந்தை, ஆசிரியர் சொல்லித்தராத ஒரு சொல்லைத் தானாகக் கூட்டிப் படித்துவிடும். அந்நேரத்தில் அதன் முகத்தில் தோன்றும் ஒளியைக் கண்டவர்கள் மீண்டும் ஒப்பிக்கும் முறைக்குத் திரும்பமாட்டார்கள்.

இனி, மும்பைக் குழந்தைக்கே உரிய சில இடர்ப்பாடுகளைக் கூறவேண்டும். நாகரி எழுத்தில் இகரக் குறி ஒன்றே மெய்யின் இடப்பக்கம் நிற்பது. தமிழில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மூன்றும் இடப்பக்கம் நிற்கின்றன. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளோ இருபுறமும் நின்று எழுத்தை அணைத்துக்கொள்கின்றன. 'செடி' என்ற சொல்லில் கண் முதலில் காண்பது கொம்பு. நா முதலில் எழுப்புவது சகரம். கொம்பைக் கண்டதும் நின்று, அடுத்த எழுத்தையும் பார்த்த பின்னரே வாய் திறக்கவேண்டும் என்பதைத் தனிப் பாடமாகவே கற்பிக்கவேண்டும்.

மற்றொன்று குறில் நெடில் வேறுபாடு. மராத்தி, இந்தி வழக்கில் எகர ஏகாரங்களுக்குத் தனித்தனி எழுத்தில்லை. ஒகர ஓகாரங்களுக்கும் அவ்வாறே. நாகரியில் முன்னதாகப் பழகிய குழந்தை 'கொடு' என்பதையும் 'கோடு' என்பதையும் ஒன்றாகவே படிக்கும். 'தொடு' என்பதும் 'தோடு' என்பதும் அதற்கு ஒன்றே. நம் சுவடிகளிலேயே இவ்வேறுபாடு எளிதில் புலப்படாமல் இருந்ததும், 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொம்பைச் சுழித்து நெடிலை வேறுபடுத்தினார் என்று கூறப்படுவதும் தமிழ் கற்றோர் அறிந்ததே. சுவடி படித்த புலவர்களுக்கே தேவைப்பட்ட உதவியை ஏழு வயதுக் குழந்தைக்கு மறுக்கலாமா? கொடு–கோடு, தொடு–தோடு, பெறு–பேறு என்று இணை இணையாகச் சொல்லச் சொல்லி, கையைத் தட்டி மாத்திரையை உணர்த்துவது நல்ல பயன் தரும். ளகரத்தில் மட்டும் மும்பைக் குழந்தைக்கு ஒரு நற்பேறு உண்டு: அவ்வொலி மராத்தியிலும் இருப்பதால் அதன் செவிக்குப் பழக்கமானது. ழகரத்திற்குத்தான் அயலில் துணையில்லை.

மூன்றாவது இடர்ப்பாடு சற்று நுட்பமானது. நாகரியின் ககர வருக்கத்தில் மெல்லினத்தை நீக்கியும் நான்கு எழுத்துகள் உள்ளன, தமிழில் ஒன்றே. 'கமலத்திற்கும் தங்கத்திற்கும் ஏன் ஒரே ககரம்?' என்று குழந்தை கேட்டால் அதனை அதட்ட வேண்டாம். அது கூர்மையான கேள்வி. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லோசை, மெல்லினத்தை அடுத்து வரும்போது மென்மை, இரண்டு உயிர்களுக்கிடையே நெகிழ்ச்சி என்று, எழுத்து நிற்கும் இடமே ஒலியைத் தீர்மானிக்கிறது. இதனை விளக்க நாம் வாழும் இடங்களின் பெயர்களே போதும். 'மாட்டுங்கா' என்பதில் இரட்டித்த டகரம் வன்மையாகவும், ஙகரத்தை அடுத்த ககரம் மென்மையாகவும் தாமாகவே ஒலிக்கின்றன. 'செம்பூர்' என்பதில் மகரத்தை அடுத்த பகரம் மென்மை பெறுகிறது. 'தாராவி' என்னும் பெயரோ இவ்விதிக்கு அடங்காது. தமிழ் முறைப்படி முதல் தகரம் வன்மையாக ஒலிக்கவேண்டும். ஊர்வழக்கில் அது மென்மையாக, மூச்சோடு கலந்து ஒலிக்கிறது. 'தாதர்' என்பதில் இரண்டாம் தகரம் விதிப்படி நெகிழ்கிறது, முதல் தகரம் விதியை மீறுகிறது. தமிழ்ச் சொல்லை எழுத்தே வழிநடத்தும், அயற்பெயரைச் செவி திருத்திக்கொடுக்கும் என்பதை இந்நான்கு பெயர்களை வைத்தே உணர்த்திவிடலாம்.

இவையெல்லாம் எழுத்தைப் பற்றியவை. எழுத்தைக் கூட்டிப் படித்த பின்னும் பொருள் விளங்காமல் திகைக்கும் குழந்தைகள் உண்டு. அதுவே பெரிய இடையூறு என்று நான் கருதுகிறேன். தாராவியின் நெல்லை வழக்கில் குழந்தை கேட்டது 'அவிய வந்தாவ'. மாட்டுங்காவின் பாலக்காட்டுத் தமிழர் வீட்டில் கேட்டது 'அவா வந்தா'. பாடநூலிலோ 'அவர்கள் வந்தார்கள்' என்றிருக்கிறது. வீட்டில் 'மரத்துல'; நூலில் 'மரத்தில்'. குழந்தைக்கு நூல்நடை ஓர் அரை அயல்மொழி. வீட்டு வழக்கைக் கொச்சை என்று இகழ்ந்து இவ்விடைவெளியை அடைக்க முடியாது. இகழப்பட்ட குழந்தை வாயை மூடிக்கொள்ளும். எழுத்தைக் கற்பிக்குமுன்பே நூல்நடையைச் செவிக்கு அறிமுகப்படுத்துவதே தக்க வழி. நாள்தோறும் கால்மணி நேரம் ஒரு கதையை நூலில் உள்ளவாறே உரக்கப் படித்துக் காட்டி, பின்பு அதனை வீட்டுத் தமிழில் பேசி மகிழலாம். வானொலியின் செய்தியும் கதையும் இதற்கு எளிய துணை.

படிக்கத் தெரியாத தாய் என்ன செய்வாள்? தாராவியில் விடியுமுன் எழுந்து இட்லி அவித்துக் கூடையிலே விற்பனைக்கு அனுப்பும் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே கதைநூலுக்கு நேரமும் இல்லை, நூலும் இல்லை. ஆனால் விடுகதையும் சொல்விளையாட்டும் அத்தாயின் நாவில் இருக்கின்றன. 'பகரத்தில் தொடங்கும் மூன்று பொருள் சொல்', 'பல், கல் – இதுபோல் முடியும் இன்னொரு சொல் சொல்' என்று மாவரைக்கும் நேரத்தில் கேட்கலாம். ஒலியைப் பிரித்துணரும் இப்பழக்கமே படிப்பின் வேர். எழுத்தறியாத தாயும் அதனைத் தரலாம்.

எத்தனை நாளில் குழந்தை படிக்கவேண்டும்? இங்கே அவசரமும் தீது, அசட்டையும் தீது. கன்னடக் குழந்தைகளைப் பற்றிச் சோனாலி நாக் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, உயிர்மெய் எழுத்துகள் மிகுந்த மொழியில் எழுத்து முழுவதும் கைவர நான்காம் வகுப்பு வரையிலும் கூட ஆகலாம் என்று காட்டியது. தமிழ் உயிர்மெய் முறையும் அதற்கு உறவே. ஆகவே இரண்டாம் வகுப்பில் ஔகாரம் தடுமாறினால் கவலைப்பட வேண்டாம். எளிய பத்தியை மூன்றாம் வகுப்பிலும் படிக்க இயலாவிட்டால் கட்டாயம் கவலைப்பட வேண்டும். அவ்வகுப்பிற்குப் பின் கணக்கும் அறிவியலும் எழுத்தின் வழியாகவே வருகின்றன. படிக்க இயலாத குழந்தை எல்லாப் பாடத்திலும் பின்தங்கிப்போகும்.

1995ஆம் ஆண்டில் மும்பையின் குடிசைப் பகுதிகளில் பணியைத் தொடங்கிய பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் இந்நிலையை அளந்து காட்டியது. 2005 முதல் நாட்டின் சிற்றூர்களில் அது நடத்திவரும் ஆய்வின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கவல்ல மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் நூற்றுக்கு 27.3 பேர். பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த பின், 2022இல் அது 20.5 ஆகக் குறைந்தது. 2024இல் ஏறத்தாழ 27 ஆக மீண்டது. மீண்ட கணக்கிலும் நால்வரில் மூவர் படிக்கவில்லை. அந்நிறுவனம் கண்ட தீர்வு, குழந்தைகளை வயதால் பிரிக்காமல், எழுத்து அறிந்தோர், சொல் அறிந்தோர், பத்தி படிப்போர் என்று நிலையால் பிரித்துக் கற்பிப்பது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் என்று இவ்வாறே நிலை வகுத்தது. ஐந்தாறு பிள்ளைகள் கூடிப் படிக்கும் நம் மாலை வகுப்புகளில் இதற்குச் செலவேதும் இல்லை. இரண்டு பாய்களை விரித்தால் போதும்.

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் இன்று பல வீட்டுக் குழந்தைகள் ஆங்கிலப் பள்ளிக்கே செல்கின்றனர். அவர்களுக்குத் தமிழைப் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒத்திவைப்பது பெரும்பாலும் கைவிடுவதாகவே முடிகிறது. ஓர் எழுத்துமுறையில் படிக்கத் தெரிந்த குழந்தைக்கு, எழுத்துக்கு ஒலி உண்டு என்ற அடிப்படை முன்னமே விளங்கியிருக்கும். வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும். தாத்தாவின் பழைய கடிதங்களைக் கொடுக்குமுன் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: 1978ஆம் ஆண்டின் சீர்திருத்தத்திற்கு முன் பயின்றவர்கள் 'னை', 'லை' போன்றவற்றைத் தும்பிக்கை போல் வளைத்து எழுதுவர். அதைக் கண்டு குழந்தை மிரளும். அருகிலிருந்து ஒருமுறை காட்டிவிட்டால் அதுவே விளையாட்டாகிவிடும்.

குழந்தை படிக்கிறதா, ஒப்பிக்கிறதா என்று ஐயம் தோன்றினால், பாடநூலின் பழகிய பக்கத்தை எடுக்காதீர்கள். அவ்வீட்டின் செய்தி ஒன்றையே மூன்று சொல்லில் ஒரு தாளில் எழுதி, 'அடுக்களையில் மாம்பழம் இருக்கிறது' என்பது போல, ஒன்றும் சொல்லாமல் குழந்தையின் கையில் கொடுங்கள். அது எழுந்து அடுக்களைக்குப் போகிறதா என்று பாருங்கள்.