பிணியாளர் துணைவரும் அவர்தம் பயிற்சியும்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருவீதியில், நகருக்கு அண்மையிலேயே ஆலுவிகாரை என்னும் குகைவிகாரை உளது. வாய்மொழியாக வழங்கிவந்த பாளித் திரிபிடகம் கி. மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், ஏட்டில் எழுதப்பெற்றது இங்கேயே என்பது மரபு. மகாவமிசம் எழுதப்பெற்ற செய்தியை மட்டும் கூறி இடத்தைக் கூறாது விடுக்கின்றது. மாத்தளையைச் சுட்டுவது பின்னெழுந்த நிகாயசங்கிரகம். அங்ஙனம் ஏடேறியவற்றுள் விநயபிடகமும் ஒன்று. துறவியர் உண்டி உடைகளைப் பற்றிய விதிகளே நிரம்பியது எனப் பலரும் கருதும் அந்நூலில், நோயாளி அருகே செல்வோன் எத்தகையனாதல் வேண்டும் என்பதும் விரிவாகக் கூறப்பட்டுள்ளது.

வைத்தியசாலைகளில் நோயாளர்க்கு ஆன்மிகத் துணையாய் அமர்வோரை மேனாட்டார் ‘சாப்ளின்’ என்பர். அவரைப் பயிற்றுவதற்கென ஒரு முறை இருபதாம் நூற்றாண்டிலேதான் வகுக்கப்பட்டது. எனினும் அப்பயிற்சி வேண்டி நிற்பனவற்றுட் பல, மாத்தளையில் ஏடேறிய அவ்விதிகளில் முன்னரே காணப்படுகின்றன.

அவ்விதி பிறந்த வரலாறு மகாவக்கத்தில் உளது. வயிற்றுளைவால் வருந்திய துறவி ஒருவர் தம் மலசலத்திலேயே கிடந்தார். அவரால் தமக்குப் பயனில்லையென ஏனையோர் அவரைப் பேணாது விட்டனர். அவ்வழி வந்த புத்தபிரான் நீர் வார்க்க, ஆனந்தர் அவருடலைக் கழுவினார். பின்னர் இருவருமாய்த் தூக்கிக் கட்டிலிற் கிடத்தினர். அதன் பின்னரே உபதேசம் பிறந்தது. நோயாளியைப் பேணுவோன் மருந்து அமைக்க வல்லனாதல் வேண்டும். ஆவதும் ஆகாததும் அறிதல் வேண்டும். ஊதியங் கருதாது அன்பினால் தொண்டு செய்தல் வேண்டும். மலம், சலம், வாந்தி முதலியவற்றை அருவருத்தல் ஆகாது. காலமறிந்து அறவுரையால் நோயாளியைத் தேற்றுதல் வேண்டும். அறவுரை இறுதியிலே நிற்றல் நோக்கத்தக்கது. கை அழுக்காகாதவன் கூறும் ஆறுதலுக்கு இங்கே இடமில்லை.

ஆறுதலுரை தீங்காதலும் உண்டு. துறவறத்தினின்று நீக்கத்தக்க பெருங்குற்றங்களுள் மூன்றாவது கொலை. அவ்விதியின் விளக்கத்திலே ஒரு நிகழ்ச்சி வருகின்றது. நோயுற்ற இல்லறத்தான் ஒருவனின் மனைவிபால் மனஞ்சென்ற துறவியர் சிலர் அவனை அணுகி, நீ நல்வினை பல செய்தாய், இத்துன்ப வாழ்வு உனக்கு எதற்கு, இறத்தலே மேல் எனப் புகழ்ந்துரைத்தனர். அவன் அதனை நம்பித் தகாத உணவுகளை உண்டு மாண்டான். அன்றுமுதல் சாவைப் புகழ்தலும் கொலையோடு ஒப்ப வைக்கப்பட்டது. யாக்கை நிலையாமையை ஓதி வளர்ந்த நம்மனோர்க்கு இவ்விதி பெரிதும் வேண்டப்படுவதாகும். நிலையாமை நலமுடையோர்க்கு ஞானம். தளர்ந்து கிடப்பவன் செவியில் அது சில வேளை, நீ போய்விடு என்பதாகவே விழும்.

பொய்யான நம்பிக்கை ஊட்டாமலும் சாவைப் புகழாமலும் பேசுதல் கூடுமோ எனின், கூடும் என்பதற்கு மகாவமிசமே சான்று. எல்லாளனொடு பொருத துட்டகாமணி மரணப் படுக்கையிற் கிடந்தபோது, முன்னாளில் அவனுடைய வீரர் பதின்மருள் ஒருவனாயிருந்து துறவு பூண்ட தேரபுத்தாபயர் அவனிடம் வந்தார். சாவென்னும் பகையை வெல்லமாட்டாமையைச் சொல்லி மன்னன் வருந்த, அப்பகை வெல்லற்கரியது என்பதை மறையாது கூறி, அவன் செய்த நல்வினைகளை நினைவூட்டித் தேற்றினார் தேரர். உடன் போர்க்களம் கண்டவர் ஆதலின் அவர் சொல் எடுபட்டது.

இவ்வாறு கேட்கவும் பேசவும் பிறரைப் பழக்குவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை கண்டவருள் முதல்வர் அமெரிக்க போதகர் அன்ரன் பொய்சன். 1920 இல் அவர் தாமே மனநோயாளியாய் வைத்தியசாலையில் இருந்தவர். 1925 இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் மனநோய் வைத்தியசாலையில் இறையியல் மாணாக்கர் சிலரை அழைத்துப் பயிற்சி தொடங்கினார். நூல்களைக் கற்பது போன்று நோயாளரையும் உயிருள்ள ஏடுகளாகக் கருதிக் கற்றல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இம்முறையில் வந்த பயிற்சியின் ஒரு பகுதி இன்று பொதுவாக 400 மணி நேரம் கொண்டது. அதிற் பெரும்பகுதி நோயாளர் நடுவே கழியும். மாணாக்கன் நோயாளியொடு உரையாடி மீண்டபின், நடந்த பேச்சை நினைவிற் கொண்டவாறே சொற்குச் சொல் எழுதி, ஆசிரியர் முன்னும் உடன்மாணாக்கர் முன்னும் படிப்பான். நோயாளி அச்சத்தைச் சொல்லத் தொடங்கியபோது இவன் ஏன் வேறு பொருளுக்குத் தாவினான்? எவர் மனம் அமைதியுறுதற்பொருட்டு அப்பிரார்த்தனையைத் தொடங்கினான்? இத்தகைய வினாக்கள் எழும். நாணந்தரும் பாடந்தான், எனினும் பயிற்சியின் உயிர் அதுவே.

சைவர்க்கும் இது புதிதன்று. நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பேணுவோனையும் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக வைத்தவர் வள்ளுவர். சூலை நோயால் துடித்த தம்பியாருக்குத் திருநீறு அளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு உடனழைத்துச் சென்ற திலகவதியாரைச் சேக்கிழார் காட்டுகின்றார்.

மாத்தளை மாவட்டத்திலோ சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என மூவினத்தாரும் வாழ்கின்றனர். தோட்டத் தொழிலாளராகிய தமிழரும் பலர். ஒரு கட்டிலில் மாத்தளை முத்துமாரியம்மனுக்கு நேர்ந்து மஞ்சட் கயிறு கட்டிய பெண்ணும், அடுத்த கட்டிலில் பிரித் நூல் அணிந்த மூதாட்டியும் கிடத்தல் கூடும். சத்திர சிகிச்சைக்கு முன் அக்கயிற்றை அவிழ்க்க நேரின், அவிழ்ப்பவர் அது யாதென அறிந்திருத்தல் வேண்டும். தன் நோயை உள்ளவாறு சொல்லாத நோயாளி பேணுதற்கு அரியன் என்று விநயம் கூறும். ஆயின், தோட்டத்துத் தமிழிலே அவள் உள்ளவாறு சொல்லியும் கேட்பவர்க்கு விளங்காதொழியின், அக்குறை அவளுடையதன்று. ஆதலின் இம்மாவட்டத்து வைத்தியசாலைகளில் துணைவராய் அமர விழைவோர், சமய நூலறிவு பெறுமுன்னரே இரு மொழிகளிலும் நோயைக் கேட்கப் பழகுதல் வேண்டும்.