நூலகம் நிலைக்க நிதி வேண்டும்

நூல்களைத் திரட்டுதல் எளிது. திரட்டியவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தலே அரிது. அதற்கு ஆர்வம் மட்டும் போதாது. ஆண்டுதோறும் தவறாது வரும் வருவாயும் வேண்டும். இவ்வுண்மையை இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக நூலக வரலாறு தெளிவுற உணர்த்துகிறது.

பதினைந்தாம் நூற்றாண்டில் ஹம்ஃப்ரி கோமகன் வழங்கிய சுவடிகளால் அந்நூலகம் சிறப்புற்றிருந்தது. ஆயின், அதனைப் பேணப் போதிய தனிநிதி இல்லை. சமயச் சீர்திருத்தக் கொந்தளிப்பில் சுவடிகள் சிதறின. 1556இல் வெறுமையாய் நின்ற மரச்சாமான்களும் விற்கப்பட்டன.

அரசுத் தூதராய்ப் பணியாற்றி ஓய்வுபெற்ற சர் தாமஸ் பாட்லி, 1598இல் அதனைப் புதுப்பிக்க முன்வந்தார். நிலையான வருவாய் இல்லாமையே பழைய நூலகத்தின் அழிவுக்கு ஒரு காரணம் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். எனவே, நூல் வாங்கவும் பணியாளர்க்கு ஊதியம் வழங்கவும் ஆண்டு வருவாய் ஒன்றை ஏற்படுத்த உறுதியளித்தார். 1602இல் நூலகம் திறக்கப்பெற்றது. பின்னர், மெய்டன்ஹெட் அருகே ஒரு பண்ணையையும் இலண்டனில் சில வீடுகளையும் அதற்கென எழுதி வைத்தார். 1610இல் இலண்டன் அச்சக, நூல் வணிகர் குழுமத்தோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி, அக்குழுமத்தார் அச்சிடும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி நூலகத்திற்கு விலையின்றி வரலாயிற்று. 1613இல் மறைந்தபோது, தம் செல்வத்தின் பெரும்பகுதியையும் நூலகத்திற்கே விட்டுச் சென்றார்.

நிதியைத் திரட்டுவது ஒருபுறம். அதனைக் காப்பது மறுபுறம். நூலகப் பணம் இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டது. ஆயினும், உள்நாட்டுப் போர் மூண்ட 1642இல், முதலாம் சார்லஸ் மன்னருக்காக அந்நிதியிலிருந்து 500 பவுன் கடனாக எடுக்கப்பட்டது. மன்னர் அதனைத் திருப்பித் தரவேயில்லை. 1645இல் அதே மன்னர் ஒரு நூலை இரவல் கேட்டபோது, நூலகர் விதியைக் காட்டி மறுத்தார். மன்னரும் அதற்கு உடன்பட்டார். நூலைக் காத்த உறுதி நிதியைக் காப்பதிலும் இருந்திருக்கலாகாதா?

கொடையின் முறைமைக்கு மற்றுமோர் சான்றுண்டு. 1714இல் மறைந்த மருத்துவர் ஜான் ராட்கிளிஃப், நூலகக் கட்டடத்திற்கு 40,000 பவுன் ஒதுக்கினார். அத்தோடு அமையாது, நூலகருக்கு ஆண்டுக்கு 150 பவுனும் நூல்களுக்கு 100 பவுனும் எழுதி வைத்தார். கட்டடம் மட்டும் நூலகமாகாது என்பதை அவர் அறிந்திருந்தார் அன்றோ!

இன்று பாட்லியன் நூலகம் பல்கலைக்கழக ஒதுக்கீட்டோடு, அறக்கட்டளை வருவாய், நன்கொடை, பதிப்பகம், விற்பனைக் கடை, பார்வையாளர் கட்டணம், சுவடிப் படங்களுக்கான உரிமைத் தொகை எனப் பல வழிகளில் பொருளீட்டுகிறது. ஹாரி பாட்டர் திரைப்படக் காட்சிகளும் அங்கே படமாக்கப்பட்டன. புதுப்பிக்கப்பெற்று 2015இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட வெஸ்டன் நூலகத்திற்கு ஓர் அறநிறுவனம் மட்டும் 25 மில்லியன் பவுன் வழங்கியது.

இவ்வரலாறு கற்பிக்கும் நெறிகள் மூன்று. முதலைத் தொடாது அதன் பயனை மட்டும் செலவிடல் வேண்டும். நூலகத்திற்கென வந்த பொருள் வேறெதற்கும் செல்லலாகாது. வருவாய் தேடும் முயற்சி வாசகரின் அமைதியைக் கெடுத்தலாகாது. நூலகத்திற்கு ஓர் அலமாரி நூல்களை வழங்க எண்ணும் பெருமக்கள், அவற்றைப் பேணுதற்குரிய சிறு தொகையையும் உடன் வைப்பார்களாயின், அக்கொடை அவர்தம் பேரர்க்கும் பயன்தரும்.