அப்பா வெளியூரில்.. குழந்தை வளர்ச்சியில் அவருக்கு என்ன வேலை?

"மாசம் பொறந்தா பணம் அனுப்புறேன், புள்ளைய அம்மா பாத்துக்கும்" என்ற எண்ணம் பல அப்பாக்களிடம் உண்டு. பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் மானாவாரி விவசாயம் கைகொடுக்காமல் பலர் வளைகுடா, சிங்கப்பூர், சென்னை, திருப்பூர் எனக் கிளம்பிவிடுகிறார்கள். ஊரில் இருப்பவர்களில் பலருக்கும் ஷிஃப்ட் வேலை. ஆனால், பணம் மட்டும் போதுமா?

முதல் 1,000 நாள் ஏன் முக்கியம்?

கரு உருவானதில் இருந்து 2 வயது வரையிலான காலம் இது. மூளை வேகமாக வளரும் நேரம். குழந்தையின் வளர்ச்சிக்கு 5 விஷயங்கள் தேவை என 2018-ல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், உலக வங்கி ஆகியவை வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. ஆரோக்கியம், சத்துணவு, பாதுகாப்பு, கற்றல் வாய்ப்பு, குழந்தையின் சைகை புரிந்து பதில் தரும் கவனிப்பு. இந்த ஐந்தில் தாய்ப்பால் தவிர மற்ற எல்லாம் அப்பாவாலும் முடியும்.

பெட்டகம் வந்தால் போதுமா?

'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தின் 2-ம் கட்டத்தை 2024 நவம்பர் 15-ல் அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 6 மாதத்துக்கு உட்பட்ட, கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைகளின் தாய்மார்களுக்கு இதில் ஊட்டச்சத்துப் பெட்டகம் கிடைக்கிறது. ஆனால் அந்தத் தாய் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். தண்ணி பிடிப்பது, துணி துவைப்பது, மூத்த பிள்ளையைப் பார்ப்பது என எல்லாம் அவர் தலையில் விழுந்தால் எப்படி? அப்பாவின் வேலை இங்கேயே தொடங்குகிறது.

என்ன செய்யலாம்?

பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விட வைக்கலாம். குளிக்க வைக்கலாம், தூங்க வைக்கலாம். எடை குறைவாகப் பிறந்த குழந்தையை, டாக்டர் சொல்லும்படி, வெற்று மார்போடு அணைத்து வைக்கும் 'கங்காரு' முறையை அப்பாவும் செய்யலாம். குழந்தை 'ங்கா' என்றால் கண்ணைப் பார்த்து திரும்பப் பேச வேண்டும். இந்தப் பேச்சும் பதிலும்தான் மொழிக்கு அடித்தளம்.

வெளிநாட்டில் இருந்தால்?

18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஸ்கிரீன் வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அமைப்பு, வீடியோ காலுக்கு மட்டும் விலக்கு தருகிறது. "பணம் வந்துச்சா?" என்பதோடு போனை வைத்துவிடாமல், தினமும் ஒரே நேரத்தில் கூப்பிட்டு, குழந்தையின் பெயர் சொல்லிப் பேசலாம், பாடலாம். இந்தப் பக்கம் குழந்தையை மடியில் வைத்து, "அப்பா சிரிக்கிறாரு பாரு" எனச் சொல்லித் தர ஒருவர் வேண்டும்.

லீவு கிடைக்குமா?

மத்திய அரசு ஆண் ஊழியர்களுக்கு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் நிறுவனங்களுக்கு இதைக் கட்டாயமாக்கும் மத்திய சட்டம் இல்லை. அதனால் ஊருக்கு வரும் லீவை கோயில் திருவிழாவுக்கு மட்டும் ஒதுக்காமல், பிரசவ நேரத்துக்கும் முன்கூட்டியே திட்டமிடுவது நல்லது. வீடு கட்டும் பணத்தை அடுத்த வருஷமும் சம்பாதிக்கலாம். குழந்தையின் முதல் 2 வயது திரும்ப வராது.